ஒன்றியம் தெரிவுசெய்த பிறேக்

“நீர் ஆற்றை பிள்ளை?”

கஜானியை வேலைக்கு எடுத்த அன்று அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். தகப்பன் யார், தகப்பனின் தகப்பன் யார், தாய்வழியில் யார், அந்தத் தாய்வழியில் யாராவது வெளியில் இருக்கிறார்களா, இருந்தால் எந்த நாடு. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையோ மோட்டார் சைக்கிள் ஓடுவதுதான்.

வேலை கொடுத்தது அகில உலகக் கிழக்குத்துறை மக்கள் ஒன்றியம். மடத்துவெளியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் கிழக்குத்துறை வரும். அங்கே இப்போது திறந்திருக்கும் வீடுகள் அறுபத்தொன்று. அவற்றில் அநேகமானவற்றில் ஒரு வயது போனவரும் ஒரு போனும் குடியிருக்கிறார்கள். மற்ற எல்லோரும் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அந்த மூன்று இடத்திலும் ஒன்றியத்துக்குக் கிளை உண்டு. ஊரில் இருப்பது தாய்ச்சங்கம். நாலையும் சேர்த்தால் தலைவர்கள் நாலு பேர், உபதலைவர்கள் பதினாறு பேர், போசகர்கள் எத்தனை என்று போசகர்களுக்கே தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் ஊரில் இருக்கும் சனத்தைவிட ஒன்றியத்தில் பதவியில் இருப்பவர்கள் அதிகம்.

கஜானியின் வேலை, ஊரிலுள்ள இருபத்துமூன்று வயோதிபர்களின் கிளினிக் கொப்பிகளையும் கடற்பாலத்துக்கு அப்பாலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருந்து எடுத்து வந்து, வீடு வீடாகக் கொடுப்பது. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூடக் கதைக்க வேண்டியதில்லை. மருந்தைக் கொடுத்து, காலையில் எது இரவில் எது என்று காட்டிவிட்டு வந்தால் போதும். வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவளுடைய சம்பளம் மட்டும்தான் என்பதால், பிடிக்காவிட்டாலும் செய்திருப்பாள்.

மோட்டார் சைக்கிளும் ஒன்றியத்தின் அன்பளிப்பு. பெற்றோல் தாங்கியின் இடப்பக்கத்தில் ஒரு அமரரின் பெயர், வலப்பக்கத்தில் அவருடைய மனைவியின் பெயர், முன்னுக்கு அன்பளித்த மகனின் பெயர், பின்னுக்குக் கையளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கியவரின் பெயர். லைற் கண்ணாடியில் பாதியைக் கனடாக் கிளையின் சின்னம் மறைத்திருந்தது. இலக்கத் தகட்டில் மட்டும் பெயர் இல்லை. அதில் இலக்கம் இருக்க வேண்டும் என்று பொலிஸார் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள்.

அந்த வண்டியின் முன் பிறேக்தான் கத்தத் தொடங்கியது. பிடித்ததும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி ஒரு கீச்சல். முதல் இரண்டு கிழமை கஜானிக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அதில் ஒரு வசதி இருப்பதைக் கண்டாள். சத்தம் கேட்டதும் வயோதிபர்கள் தாங்களாகவே வேலிப் படலைக்கு வந்து நின்றார்கள். அவளுக்கு வாசலில் நின்று கூப்பிடுவது எப்போதும் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பிறேக் எடுத்துக்கொண்டது.

ஆனால் வண்டி நிற்கும் தூரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போனது. படலைக்கு நேரே பிடித்தால் அடுத்த வீட்டுப் படலையில் நின்றது. ஒருநாள் பாலத்தைத் தாண்டிப் புளியங்கூடலுக்குப் போய் அன்ரனிதாஸின் கராஜில் காட்டினாள். அன்ரனிதாஸ் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, உள்ளே இருந்து இரண்டு சிறிய கட்டிகளைக் கழற்றி அவளுடைய உள்ளங்கையில் வைத்தான்.

“இதுதான் தங்கச்சி பிறேக் பேட். சில்லோட சேந்து சுத்திற தட்டை ரண்டு பக்கத்தாலயும் நெரிச்சுப் பிடிக்கிறது இதுகள்தான். சோடியா வரும், சோடியாத் தேயும். உம்மட ரண்டும் வெறுந்தகடு. இப்ப இரும்பை இரும்பு உரஞ்சுது. பின் பிறேக்கும் பேருக்குத்தான் கிடக்கு.”

அவனிடம் அந்த வண்டிக்கு உரிய சோடி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தது. பத்து நிமிட வேலை, இருந்து ஒரு பிளேன்ரீ குடியும் என்றான். கஜானி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வைத்த தாளில் பதினோராவது விதி ஞாபகத்துக்கு வந்தது. அன்பளிப்புப் பொருளின் எந்த உறுப்பையும் ஒன்றியத்தின் அனுமதியின்றி மாற்றுவது, கொடையாளரின் நினைவை மாற்றுவதாகக் கொள்ளப்படும். அவளுக்கு முதல் அந்த வண்டியை ஓடிய சுபேசன், உடைந்த கண்ணாடி ஒன்றைத் தன் பாட்டில் மாற்றினான். அவனுடைய படம் நாலு வட்ஸ்அப் குழுமங்களில் ‘நன்றி மறந்தவர்’ என்ற தலைப்போடு வந்தது. சுபேசன் இப்போது அனலைதீவில் மீன் நிறுக்கிறான்.

ஆகவே அவள் கடிதம் எழுதினாள். பிறேக் பேட் தேய்ந்துவிட்டது, மாற்றித் தரவும் என்று இரண்டு வரி. அதைத் தாய்ச்சங்கத் தலைவர் பரமலிங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பரமலிங்கம் முப்பத்துநாலு வருஷம் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றதை அவருக்கு இன்னும் ஒருவரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. அவர் இரண்டு வரியையும் மூன்று தரம் வாசித்தார்.

“பிள்ளை, தேய்ஞ்சு போச்சு எண்டு எழுதியிருக்கிறீர். ஒன்றியம் குடுத்த சாமான் தேயாது. அப்பிடி எழுதினால் குடுத்தவையின்ரை மனம் என்ன பாடுபடும்? மேலுமொரு கொடைக்கு இடமுண்டு எண்டு மாத்தி எழுதிக்கொண்டு வாரும்.”

கஜானி மாற்றி எழுதிக்கொண்டு போனாள். அதுவரை எப்படி ஓடுவது என்று கேட்டாள். மெல்ல ஓடும் என்றார். அவள் போகாமல் நின்றாள். அவ்வளவு நேரம் அவள் நிற்பது அதிசயம் என்பதால் பரமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, ஆரையும் இடிச்சுப்போடுவன் எண்டு பயமாக் கிடக்கு.”

“இவ்வளவு நாளும் ஒருத்தரையும் இடிக்கேல்லைத்தானே. அதை நாங்கள் இந்த வருஷத்துச் சாதனையா ஆண்டறிக்கையில போடப்போறம். பயப்பிடாதையும்.”

சர்வதேசக் கூட்டம் ஒரு சனிக்கிழமை விடிய ஆறரைக்குச் சூமில் நடந்தது. அந்த நேரம்தான் கனடாவுக்கு வசதி. சுவிஸில் அப்போது சாமம் மூன்று மணி. அங்கத்தவர்கள் நித்திரையைத் தியாகம் செய்து கலந்துகொள்கிறார்கள் என்று சுவிஸ் கிளைத் தலைவர் முதலிலேயே அறிவித்துவிட்டார். பிறகு தியாகம் செய்யாத இருவர் குறட்டை விடுவது எல்லோருக்கும் கேட்டது.

தாய்ச்சங்கத்தின் செயலாளர் சுபாஸ்கரன்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கஜானியை ஓரத்தில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். தேவாரம், ஜெபம், அமரர்களானவர்களுக்கு மௌன அஞ்சலி, தலைவர்கள் நால்வரின் தலைமையுரைகள் எல்லாம் முடிந்து, ஏழாவது விடயமான பிறேக்குக்கு வர எட்டரை ஆகிவிட்டது.

கனடாக் கிளைத் தலைவர், பனியில் வழுக்காத பேட்தான் பாதுகாப்பானது, அதைத்தான் தன் வண்டிக்குப் போட்டிருக்கிறேன் என்றார். சுபாஸ்கரன் பணிவாக, இங்கே பனி கொட்டுவதில்லை என்று நினைவூட்டினார்.

“இப்ப இல்லையெண்டு சொல்லாதேங்கோ தம்பி. உலகத்தில காலநிலை மாறிக்கொண்டு போகுது. நாங்கள் தூரநோக்கோட யோசிக்க வேணும்.”

இதைக் கேட்டு இரண்டு பேர் கை தட்டினார்கள். சுவிஸ் கிளைத் தலைவர், பனி முக்கியமில்லை, மலை இறங்கும்போது சூடேறாத பேட்தான் முக்கியம் என்றார். கஜானியின் பாதையில் ஆக உயர்ந்த இடம் பாலத்தின் நடுப்பகுதி. அதில் ஏறுவது அதில் போகிறவர்களுக்கே தெரியாது. லண்டன் கிளைத் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறேக் பேட் சில்லுக்குள் போய்விட்டால் அதை யார் காணப்போகிறார்கள் என்று கேட்டார். அது ஒரு கனமான கேள்வி. பிறகு அவரே, பேட்டுக்குப் பதிலாக ஒழுங்கை வாசலில் ஒரு வளைவு கட்டலாம், அதைப் பார்க்கிற ஆவலில் வாகனங்கள் தானாகவே மெதுவாக வரும் என்று ஒரு யோசனையை முன்வைத்தார்.

கடைசியில் யாரோ, வண்டி ஓடுகிற பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றார்கள். சுபாஸ்கரன் போனை அவளுடைய முகத்துக்கு நேரே திருப்பினார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிறேக் பிடிக்கிறீர் என்று நாலு நாட்டிலிருந்தும் கேட்டார்கள். எண்ணவில்லை என்றாள். எண்ணாமல் பிடிக்கிறாளாம் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வது கேட்டது. பிறேக் உபகுழு ஒன்று அந்த இடத்திலேயே அமைக்கப்பட்டது.

உபகுழு முதல் வேலையாக அவளுக்கு ஒரு பிறேக் பதிவேடு அனுப்பியது. நேரம், இடம், காரணம், பிறேக் பிடித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என நாலு நிரல். காரணத்துக்குக் கீழே மாடு, ஆடு, மனிதர், வேறு என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு தரமும் அந்த இடத்திலேயே நிறுத்தி எழுத வேண்டும். நிற்காத வண்டியை, நின்றதை எழுதுவதற்காக நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு கிழமையில் அறுநூற்றுப் பன்னிரண்டு தரம் பிடித்திருந்தாள். நாலாவது நிரலை நிரப்பிக்கொண்டே போன ஒரு மத்தியானம், தான் இடித்திருக்கக்கூடிய சீவன்களின் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உபகுழுவோ அதே பட்டியலை வாசித்துவிட்டு, பிறேக் பாவனையில் பெரும்பங்கு மாடுகளுக்கே போகிறது என்று கண்டுபிடித்தது. மாட்டுக்காரர்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் போனது. கஜானிக்கு, பிறேக்கைச் சிக்கனமாகப் பாவிக்கவும் என்று ஒரு வரி வந்தது.

அந்த வரியை வாசித்த அடுத்த நாள்தான் அவள் புளியங்கூடலுக்குப் போய், பிளேன்ரீ குடிக்கிறேன் அண்ணை என்றாள். அன்ரனிதாஸ் வேறொன்றும் கேட்கவில்லை. பிஸ்கற் ரின்னை எடுத்தான். அவள் குடித்து முடிக்க முதல் வேலை முடிந்திருந்தது. சில்லுக்குள் இருக்கிறதை ஆர் பாக்கப்போகினம், பேசாமல் போம் என்று அனுப்பிவைத்தான்.

வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பிடித்தால் ஒரு சத்தமும் இல்லை. பாலத்தடியில் ஆட்கள் இல்லாத இடத்தில் சும்மா நாலைந்து தரம் ஓடி ஓடி நிறுத்திப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தோள்மூட்டு இரண்டும் இறங்கிக் கீழே வந்தன.

செவ்வாயும் வெள்ளியும் மருந்து நாள். செவ்வாய்க்கிழமை மருந்து கொண்டு போனாள். முதல் படலையில் ஒருவரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வண்டி கத்தாததால் அவள் வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. வண்டியின் ஹோன் எப்போதோ உப்புக்காற்றில் செத்துவிட்டது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டாள். அது அவளுடைய காதுக்கே எட்டவில்லை. உள்ளே தொலைக்காட்சியில் யாரோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறும்வரை சுற்றிச் சுற்றி வந்தும் ஏழு பேருக்கு மருந்து கொடுக்க முடியவில்லை. நாளைக்குக் கொடுப்போம் என்று வீட்டுக்குப் போனாள்.

ஆனால் அந்த ஏழு பேரும் பின்னேரமே போன் எடுத்துவிட்டார்கள். மருந்துக்காரப் பிள்ளையின் சத்தத்தையே காணவில்லை என்று கனடாவுக்கும் சுவிஸுக்கும் சொன்னார்கள். கனடாவும் சுவிஸும் சுபாஸ்கரனுக்கு எடுத்தன. விடிந்ததும் சுபாஸ்கரன் கஜானியின் வீட்டு முற்றத்தில் நின்றார். வண்டியை உருட்டினார், பிடித்தார். மறுபடி உருட்டினார், மறுபடி பிடித்தார்.

“சத்தம் எங்கை?”

கஜானி மிச்ச ஏழு பேரின் மருந்தையும் பைக்குள் அடுக்கினாள்.

அவள்மேல் எழுதப்பட்ட குற்றம், அன்பளிப்புப் பொருளின் சத்தத்தை அனுமதியின்றி நீக்கியமை. முதல் தடவை என்பதால் மன்னித்தார்கள். புதிய பேட்களைக் கழற்றி, ஒரு உறையில் போட்டு, சான்று என்று எழுதி ஒட்டி, ஒன்றியக் கந்தோர் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அவள் பையில் கிடந்த பழையவற்றைத் திரும்பச் சில்லில் பூட்டச் சொல்லி அன்ரனிதாஸுக்கு ஆள் போனது. “என்ரை கையால உதைப் பூட்டமாட்டன்” என்று அவன் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஆகவே சுபாஸ்கரனே போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பூட்டினார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சியது. அதையும் உறைக்குள் போட்டார்.

இதற்குப் பிறகு நடந்தது நடக்குமென்று முன்பே பயந்தது அவளும் அன்ரனிதாஸும்தான்.

றோசம்மாவின் வீடு ஒழுங்கை திரும்புகிற இடத்தில் இருக்கிறது. றோசம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிரஷருக்கு மூன்று விதக் குளிசை. கண் அவ்வளவு தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை கஜானி இருபது யார் தூரம் முன்னாலேயே பிறேக்கைப் பிடித்தாள். வண்டி வழமைபோலக் கத்தியது. ஆனால் நிற்கவில்லை. சத்தத்தைக் கேட்ட றோசம்மா, வழமைபோலப் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினார்.

கஜானி வண்டியைக் கிளுவை வேலிக்குள் விட்டாள். முழங்கால் சுண்ணாம்புக் கல்லில் பட்டுக் கிழிந்தது. மருந்துப் பை ஒழுங்கையெல்லாம் சிந்தியது. றோசம்மா மேல் வண்டி படவில்லை. வெருண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இடுப்பில் நல்ல நோவு. கஜானி காலை இழுத்துக்கொண்டு போய்த் தூக்கியபோது, றோசம்மா அவளுடைய முகத்தைத் தடவிப் பார்த்தார்.

“சத்தம் கேட்டுது பிள்ளை. நிப்பாட்டிப்போட்டீர் எண்டு நினைச்சுத்தான் வந்தனான்.”

அதற்குப் பிறகு றோசம்மா கதவு நிலையைத் தாண்டி வருவதில்லை. கஜானியும் ஊருக்குள் வண்டியில் ஏறுவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பாலத்தில் மட்டும் ஓடுவாள். ஊர் எல்லை வந்ததும் இறங்கி, நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு வருவாள். படலையில் நின்று பிறேக்கைச் சும்மா பிடித்துச் சத்தம் காட்டவும் மனம் வரவில்லை. உள்ளே போய்க் கதவடியில் நின்று கூப்பிடப் பழகினாள். இருபத்துமூன்று வீடும் முடியப் பின்னேரம் ஆகிவிடும்.

விபத்தைப் பற்றி ஒன்றியம் சும்மா இருக்கவில்லை. விபத்து அறிக்கை, விபத்து அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கான அறிக்கை இரண்டும் வெளியாகின. லண்டன் கிளை அவசரத்தில் சரியாக வாசிக்காமல், றோசம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றை அனுப்பிவிட்டது. றோசம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “படம் வடிவா வந்திருக்கு, பேந்தொரு நாளைக்குத் தேவைப்படும்” என்று சொல்லி மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

நாலு மாதம் போய், இன்னொரு சனிக்கிழமை விடிய, ஒன்றியம் முடிவுக்கு வந்தது. அது இலகுவான முடிவு அல்ல. பனிக்கான பேட்டா மலைக்கான பேட்டா என்பதில் கனடாவும் சுவிஸும் கதை பேச்சில்லாமல் பிரியும் நிலைக்கு வந்திருந்தன. அப்போதுதான் பரமலிங்கம், ஒரு வண்டிக்கு எத்தனை பேட் என்று சுபாஸ்கரனிடம் கேட்டார். இரண்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஒன்று கனடாவின் அன்பளிப்பு, மற்றது சுவிஸின் அன்பளிப்பு. இரண்டையும் வைக்கும் வெள்ளித் தட்டும் பதாகையும் லண்டனின் அன்பளிப்பு. வட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் அன்று முழுக்க வந்துகொண்டிருந்தன.

கையளிப்பு விழாவுக்குக் கனடாக் கிளைத் தலைவரே பிரதம விருந்தினராக வந்திறங்கினார். விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசிகசாலை முன்றலில். வெள்ளி மருந்து நாள், அதைவிட வேறு நாள் வையுங்கோ என்று கஜானி கேட்டுப் பார்த்தாள். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது என்றார்கள். மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். பயனாளி இல்லாமல் என்ன விழா என்றார்கள். ஆகவே தோளில் மருந்துப் பையோடு மேடையின் ஓரத்தில் நின்றாள். பைக்குள் மேலே இருந்தது றோசம்மாவின் குளிசை. அவருடையது நேற்று இரவோடு முடிந்துவிட்டது.

மேளம் அடித்தது. மாலை போட்டார்கள். வண்டிக்கும் ஒரு மாலை விழுந்தது. வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்குக்கு நடுவே இரண்டு பேட்களும் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. கனடாவிலிருந்து வந்ததில், சில்லுத் தட்டை உரஞ்சும் பக்கத்தில், தலைவரின் தகப்பனாரின் பெயரை வெட்டியிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் வெட்டினால் வெளியில் தெரியாது என்பது காரணம். பூட்டினால் எந்தப் பக்கமும் தெரியாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. பிரதம விருந்தினர் ஒலிவாங்கிக்கு வந்து, அந்தப் பேட்டைச் சனத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“இது எங்கட அப்பான்ரை பேர். பாவிக்கப் பாவிக்கத் தேயும் எண்டு சொல்லுகினம். அதை என்னாலை தாங்க ஏலாது. அதால பிள்ளை, நான் உம்மட்டைக் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். உந்தப் பிறேக்கை எப்பவும் பிடிக்காதையும்.”

சனம் கை தட்டியது. பரமலிங்கம் கண்ணைத் துடைத்தார்.

பேட்டைப் பூட்டுவதற்கு அன்ரனிதாஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புதிய சோடி என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். தட்டில் இருந்த இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். ஒன்று நெருப்புப் பெட்டி அளவு, மற்றது பாதிச் சவர்க்காரக் கட்டி அளவு. அவன் பரமலிங்கத்தின் காதடியில் குனிந்து மெல்லத்தான் சொன்னான். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தபடியால் எல்லோருக்கும் கேட்டது.

“ஐயா, இது ரண்டும் ரண்டு வண்டியின்ரை. இந்த வண்டிக்கு ரண்டுமே இல்லை.”

பரமலிங்கம் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார். முப்பத்துநாலு வருஷக் கந்தோர் அனுபவம் அவருக்கு அந்த இடத்தில் கைகொடுத்தது.

“ஒண்டு பெரிசு, ஒண்டு சிறிசு எண்டு தம்பி சொல்லுறார். எங்கட கிளையளும் அப்பிடித்தான். ஒண்டோட ஒண்டு பொருந்தாட்டிலும் ஒரே மேடையில இருக்கிறம். அதுதான் ஒற்றுமை. பூட்டுறதைப் பிறகு பாப்பம். இப்ப படம் எடுப்பம்.”

இரண்டு பேட்களையும் சிவப்பு நாடாவால் கைபிடியின் இரண்டு பக்கமும் கட்டினார்கள். படம் எடுத்தார்கள். சில்லுக்குள் இருந்தது அதே வெறுந்தகடுதான், அதுவும் ஒரு திருகாணி குறைய. அன்ரனிதாஸ் குறடும் சாவியும் கிடந்த தன் பையைத் தூக்கிக்கொண்டு மேடையால் இறங்கினான். இறங்கும்போது கஜானியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஒருதரம் அசைத்தான்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது வெள்ளோட்டம். பிரதம விருந்தினரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கஜானி கடற்கரைச் சந்திவரை போய்த் திரும்ப வேண்டும். அதற்காக மடத்துவெளியிலிருந்து முன்பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். றோட்டின் இரண்டு கரையிலும் கையில் ஒன்றியத்துக் கொடியோடு நாற்பது நாற்பத்தைந்து பிள்ளைகள். வெயிலில் அவர்களுக்கு நிற்கப் பொறுமையில்லை. ஒன்று றோட்டுக்கு நடுவில் இறங்கிக் கொடியை நிலத்தில் குத்திப் பார்த்தது. ஆசிரியை அதை இழுத்துக் கரையில் விட, மற்றக் கரையால் இன்னும் இரண்டு இறங்கின.

வெள்ளோட்டத்துக்கு முதல் பயனாளியின் நன்றியுரை. சுபாஸ்கரன் ஒரு தாளையும் வண்டியை இயக்கும் திறப்பையும் அவளுடைய கையில் கொடுத்தார். தாளில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. ஒரு பெயரும் விடக் கூடாது, போன தரம் ஒரு பெயர் விட்டு ஒரு உபகிளை உடைந்தது என்று எச்சரித்தார். பிரதம விருந்தினர் அதற்குள் மாலையோடு வண்டியின் பின் ஆசனத்தில் ஏறி இருந்துகொண்டார். வீடியோக்காரன் அவரைக் கையை உயர்த்தி வைத்திருக்கச் சொன்னான். அவர் உயர்த்தினார்.

கஜானி ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்றாள். பிறேக் பதிவேட்டின் நாலாவது நிரலை அவள் அறுநூற்றுப் பன்னிரண்டு தரம் எழுதியிருக்கிறாள். இப்போது அது எழுதாமலே கண்ணுக்கு முன்னால் நின்றது. கதையும் பிள்ளை, வெக்கப்படாதையும் என்று பரமலிங்கம் பின்னாலிருந்து உற்சாகப்படுத்தினார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. கனடாவும் சுவிஸும் லண்டனும் சுபாஸ்கரனின் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் தாளை மேசையில் வைத்தாள். கடற்காற்று அதைத் தூக்கப் பார்த்தது. பறக்காமல் இருக்கத் திறப்பை அதன்மேல் வைத்தாள். மருந்துப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு மேடைப் படியால் இறங்கினாள்.

வண்டியடிக்குத்தான் போகிறாள் என்று நினைத்து மேளம் தொடங்கியது. பிரதம விருந்தினர் உயர்த்திய கையை இறக்காமல் அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் பின்னுக்கு அரக்கி இருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கரையிலும் பிள்ளைகள் கொடியை ஆட்டினார்கள். காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, அவர்களுக்கு நடுவால், றோசம்மாவின் ஒழுங்கைப் பக்கம் நடந்தாள். அவள் திருப்பத்தில் மறையும்வரை வீடியோக்காரன் எடுத்துக்கொண்டிருந்தான்.